ஒரு தட்டுக்காக முக்கால் மணி நேரம்

நேற்று இரவு பினாங்கில் ஒரு சார் கொய்த்தியாவ் (வறுத்த அரிசி நூடுல்ஸ்) கடையில் உட்கார்ந்திருந்தோம். பக்கத்து மேசையில் ஒருவர் சலித்துக்கொண்டார்: "நாப்பத்தஞ்சு நிமிஷம் ஆச்சு. அஞ்சு தட்டையும் ஒண்ணாப் போட்டுப் பிரட்டினா என்ன?"

பசியோடு காத்திருப்பவரின் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் அந்தக் கடைக்காரர் பக்கம்தான் நான். வாணலியில் அதிகம் கொட்டினால் இரும்பின் சூடு இறங்கிவிடும். அரிசி நூடுல்ஸும் முளைப்பயறும் தண்ணீர் விட்டு வெந்துபோகும், வறுபடாது. கான்டனீஸில் 'வொக் ஹெய்' என்கிறார்கள், வாணலியின் மூச்சு. அந்தப் புகை மணம் ஒவ்வொரு தட்டாகப் பிரட்டினால்தான் முழுசாக வரும். அந்த அனலின் முன்னால் அவர் மணிக்கணக்கில் நிற்கிறார் என்பதையும் நினைக்க வேண்டும்.

சிங்கப்பூரிலிருந்து வந்த என் அக்காவுக்கு வேறு குறை: "இனிப்பே இல்லையே!" அங்கே கெட்டியான கறுப்பு சோயாவில் கருமையாக, இனிப்பாகச் செய்வார்கள். பினாங்குத் தட்டு வெளிர் நிறம். இறாலும் உறைப்பும்தான் முன்னால் நிற்கும். அக்கா சொன்னதைக் குறையாக நான் எடுத்துக்கொள்ளவில்லை. அவள் நாக்குக்குப் பழகிய சுவை அது.

ஒன்றில் மட்டும் எனக்கும் வருத்தம். தட்டில் இருந்த சிப்பி ரப்பராகிவிட்டது. அதைக் கடைசியில் போட்டு, சூடு பட்டதும் இறக்கியிருக்க வேண்டும். பணம் கொடுக்கும்போது மெதுவாகச் சொன்னேன். தலையசைத்துவிட்டு, "அடுத்த வாட்டி நீங்க வந்தா சொல்லுங்க, உங்க தட்டுக்கு நானே பாத்துப் போடுறேன்" என்றார் மலாயில்.

வெள்ளிக்கிழமை மறுபடி போகிறோம். அக்காவும் வருகிறாள்.