கூலி எவ்வளவு?

ஆவணக்காப்பகப் பணிக்காக ஐரோப்பா செல்லவிருக்கும் இளைய ஆய்வாளர் ஒருவர், “பண்ணையில் வேலை செய்தால் தங்குமிடமும் சாப்பாடும் இலவசமாமே, போகலாமா அக்கா?” என்று கேட்டிருந்தார். உட்பெட்டியில் எழுதத் தொடங்கிய விடை நீண்டுவிட்டதால் இங்கேயே இடுகிறேன்.

2024 அக்டோபரில் நான் ஃபிளாரன்ஸில் இருந்தேன். 1580களில் கொச்சியிலும் கோவாவிலும் வாழ்ந்து, அங்கிருந்து கடிதங்கள் எழுதிய ஃபிலிப்போ சாஸ்ஸெத்தி என்னும் அந்நகரத்து வணிகரைப் பற்றியது என் ஆய்வு. (வடமொழிச் சொற்கள் சிலவற்றுக்கும் இத்தாலியச் சொற்களுக்கும் உள்ள ஒப்புமையை, வில்லியம் ஜோன்ஸுக்கு இரு நூற்றாண்டுகள் முன்பே குறித்து வைத்தவர்.) உதவித்தொகை மூன்று மாதங்களாக வரவில்லை. அது ஏன் என்று இங்கே எவருக்கும் விளக்க வேண்டியதில்லை. வாடகைக்கு வழியின்றி, கியாந்திக் குன்றுகளில் உள்ள ஓர் ஒலிவப் பண்ணைக்கு ஐந்து வாரங்கள் சென்றேன்.

இந்த ஏற்பாட்டுக்கு ‘வூஃப்’ என்று பெயர். 1971இல் சூ காப்பர்ட் என்னும் லண்டன் அலுவலகச் செயலர் தொடங்கிவைத்தது. நகரத்தில் அடைபட்டவர்கள் வார இறுதியில் இயற்கைப் பண்ணைக்குச் சென்று உழைக்க வேண்டும் என்பதே தொடக்க எண்ணம். பெயரில் இருந்த ‘வேலை’ என்ற சொல் குடிவரவு அதிகாரிகளின் ஐயத்தைக் கிளறியதால், பின்னாளில் அது ‘வாய்ப்பு’ ஆயிற்று. செய்யும் காரியம் என்னவோ அதேதான்.

வேலை எனக்குப் பிடித்திருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. மரத்தடியில் வலையை விரித்து, சீப்பு போன்ற கைக்கருவியால் கிளைகளைக் கோதினால் காய்கள் மழைபோல் உதிரும். சாக்கில் கட்டினால் புழுங்கிச் சூடேறி எண்ணெய் கெட்டுவிடும்; ஆதலால் காற்றோட்டமுள்ள கூடைகளில் நிரப்பி, கூடியவரை அன்றே ஆலைக்குக் கொண்டு செல்வோம். நூறு கிலோ காய்க்குப் பதினைந்து கிலோ எண்ணெய் தேறினால் நல்ல விளைச்சல். புதிய எண்ணெய் பச்சைநிறம். தொண்டையில் மிளகுபோல் காறும். பல மரங்கள் ஒரே அடியிலிருந்து மூன்று நான்கு தண்டுகளாக எழுந்திருந்தன. 1985 ஜனவரியின் உறைபனியில் தாஸ்கனியின் ஒலிவ மரங்கள் பெருமளவு பட்டுப்போயின. அடிமரத்தில் மீண்டும் துளிர்த்தவை இவை.

நாளுக்கு நான்கு மணி நேரம் என்பது பேச்சு. மழை வருமென்று தெரிந்த நாள்களில் இருட்டும்வரை நின்றேன். நிற்கும்படி யாரும் சொல்லவில்லை. போ என்றும் சொல்லவில்லை.

இரண்டாம் வாரம் அம்மாவை அலைபேசியில் அழைத்து மரங்களைக் காட்டினேன். நாகை மாவட்டத்தில் இன்றும் நடவுக்குப் போகிறவர் அவர். எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, “கூலி எவ்வளவு?” என்றார். கூலி இல்லை, சோறும் படுக்கையும் என்றேன். சற்றுநேரம் பேச்சில்லை. “அதுக்குப் பேரு பண்ணைக்கு இருக்கறது பாப்பா. ஒங்க தாத்தாவோட அது போச்சுன்னு நெனச்சேன்.”

1952இல் தஞ்சைப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தபோது தாத்தாவுக்குப் பதினேழு வயது. பண்ணையாள் முறை குறித்து என் முதுகலை ஆய்வேட்டில் ஓர் இயலே எழுதியிருக்கிறேன். அம்மா சொல்லும்வரை அந்தச் சொல் எனக்குத் தோன்றவேயில்லை என்பதுதான் வெட்கம்.

நான் விரும்பிய நாளில் கிளம்பலாம், தாத்தாவால் முடியாது என்று எனக்குள் வாதிட்டேன். அது உண்மைதான். ஆனால் கையில் பணமும் ஃபிளாரன்ஸில் அறையும் இல்லாத நிலையில், அந்த ‘விரும்பிய நாள்’ எது?

பக்கத்து வீட்டு முதியவர் ஒருவர் ஆலையில் காத்திருந்த இரவுகளில் பேசுவார். அவர் தந்தை வாரக்குடி. விளைச்சலில் பாதி நிலக்கிழாருக்கு; அதுபோக விழா நாள்களில் முட்டையும் கோழியும். பிள்ளைகளின் திருமணத்துக்கும் நிலக்கிழாரின் இசைவு வேண்டும். 1964ஆம் ஆண்டுச் சட்டம் இத்தகைய புதிய ஒப்பந்தங்களைத் தடைசெய்தது. என்னைப் பார்த்து அவர் சிரித்தது ஏளனமா பரிவா என்று இன்றுவரை பிடிபடவில்லை.

கடைசி வாரத்தில்தான் பண்ணைக்கார அம்மையாரிடம் கேட்டேன்: நாங்கள் வராவிட்டால் யார் காய் பறிப்பார்கள்? அவர் நேர்மையானவர், தயங்கவில்லை. முன்பு பருவத்துக்கு இருவரைக் கூலிக்கு வைத்திருந்தாராம். விருந்தினர் வரத் தொடங்கியபின் தேவைப்படவில்லை. பண்ணையில் பெரிய இலாபமும் இல்லை; அதை நானே பார்த்தேன். ஆனாலும் அன்றிரவு உறக்கமில்லை. என்னுடைய ‘பண்பாட்டுப் பரிமாற்றம்’ யாரோ இருவரின் இரண்டு மாதக் கூலி.

அதே ஆண்டு ஜூனில்தான் ரோமுக்குத் தெற்கே லத்தீனாவில், எந்திரத்தில் கை துண்டிக்கப்பட்ட பஞ்சாபித் தொழிலாளி ஒருவரை மருத்துவமனைக்குக் கொண்டு செல்லாமல் வீட்டு வாசலில் போட்டுவிட்டுப் போனார்கள், அவர் இறந்தார். நானும் இந்தியர், நானும் இத்தாலிய வயலில். என்னிடம் கல்விக்கான வசிப்பிட அனுமதி இருந்தது, அவ்வளவே.

தம்பி, இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். போகலாம். முதலில் விசாவைப் பாருங்கள். என் அனுமதியில் வாரத்துக்கு 20 மணி நேரம் வேலை செய்ய இடமிருந்தது. சுற்றுலா விசாவில் செல்பவரின் நிலை வேறு. நியூசிலாந்து, தங்குமிடத்துக்கு ஈடாகச் செய்வதையும் வேலை என்றே கொள்கிறது. வேலை நேரத்தை எழுத்தில் வாங்குங்கள். விபத்துக் காப்பீடு உண்டா என்று கேளுங்கள். திரும்பிவரும் பயணச்சீட்டுக்கான பணத்தைத் தொடாமல் வையுங்கள். அம்மையாரிடம் நான் கடைசி வாரத்தில் கேட்டதை நீங்கள் முதல் கடிதத்திலேயே கேளுங்கள். என்ன பதில் வந்தது என்று எனக்கும் எழுதுங்கள்.