நாலு விரல் அச்சு

தமிழ்நாட்டுக்காரன் மன்னாருக்குப் போனால் ஒரு சண்டையை எதிர்பார்த்துத்தான் போக வேண்டும். நம் இழுவைப் படகுகள் இரவோடு இரவாகப் போய் அங்குள்ளவர்களின் வலையை அறுத்துவிட்டு வருகிற கதை எல்லோருக்கும் தெரியும். அடிமடி இழுப்பை இலங்கை 2017-இல் சட்டம் போட்டே தடுத்துவிட்டது. நம் படகுகளுக்கு அந்தச் செய்தி இன்னும் போய்ச் சேர்ந்ததாகத் தெரியவில்லை. அதனால் மன்னார்த் தீவிலுள்ள பேசாலையில், ஒரு தேநீர்க்கடையில், "இந்தியாவில எவடம்?" என்று கேட்டதும், "சிவகங்கை" என்றேன். உண்மைதான். கடற்கரையே இல்லாத மாவட்டம் என்பது கூடுதல் வசதி.

பக்கத்து வாங்கில் இருந்தவர் பேப்பரை மடித்துவிட்டுத் திரும்பினார். "சிவகங்கையா? அங்க ரோட்டில மாடு ஓட விடுவாங்களே!"

ஐம்பதைத் தாண்டியவர். படகு எஞ்சின் பழுதுபார்க்கிறவர். 1990-இல் பெற்றோருடன் படகேறி ராமேஸ்வரம் வந்து, மண்டபம் முகாமில் வளர்ந்திருக்கிறார். அந்த முகாமுக்கும் ஒரு கதை உண்டு. இலங்கைத் தோட்டங்களுக்குக் கூலி வேலைக்குப் போன நம் ஆட்களை, நோய் நொடி பார்த்து அனுப்புவதற்காக வெள்ளைக்காரர்கள் தடுத்து வைத்திருந்த இடம் அது. பிற்பாடு, அங்கிருந்து தப்பி வந்தவர்களை நாம் அதே இடத்தில் வைத்தோம். பொழுது சாய்வதற்குள் முகாமுக்குத் திரும்பிவிட வேண்டுமாம். அதற்கு டிமிக்கி கொடுத்துவிட்டு, இவரும் இன்னொரு பையனும் ராமநாதபுரம் பக்கத்துக் கிராமங்களுக்கு மாட்டுவண்டிப் பந்தயம் பார்க்கப் போவார்கள். பெரிய மாடு, நடுமாடு, கரிச்சான், பூஞ்சிட்டு என்று பிரிவுகளை அவர் வரிசையாகச் சொன்னார். பந்தயத்தன்று சத்தம் பொறுக்காமல் ஜன்னலைச் சாத்திக்கொள்கிறவன் நான். தலையாட்டிக் கேட்டுக்கொண்டேன்.

"அவன் மாட்டைப் பாப்பான். நான் வண்டிலைத்தான் பாப்பன்," என்றார்.

போர் முடிந்து இருவரும் ஊர் திரும்பினார்கள். நண்பர் வயலுக்குப் போனார், இவர் எஞ்சினுக்கு வந்தார். தீவையும் பெருநிலத்தையும் சேர்த்த பாலம் 1990-இல் போரில் தகர்ந்தது; புதுப்பாலம் 2010-இல்தான் திறந்தார்கள். போக்குவரத்து இலகுவான பிறகு, பழைய ஆசை இரண்டு பேருக்கும் சேர்ந்தே வந்தது. மாடு அவருடையது, வண்டில் இவர் செய்வது. மாட்டுவண்டிப் பந்தயம் நடக்கும் சவாரித் திடலில் ஏ பிரிவில் ஓடி ஒரு பரிசாவது எடுத்துவிட வேண்டும். இப்போது ஒருவர் முகத்தில் ஒருவர் விழிப்பதில்லை.

"மாடு அந்தக் கரையில, வண்டில் இந்தக் கரையில. வாங்க, காட்டுறன்."

வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை. பிரித்துப்போட்ட எஞ்சின்களுக்கு நடுவே, சாக்குப் போர்த்தியிருந்தது. சாக்கை எடுத்ததும் எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. வண்டி என்று சொல்ல அதில் என்ன இருக்கிறது? இரண்டு சக்கரம், ஓர் அச்சு, நீட்டிய ஏர்க்கால், ஒரு ஆள் குந்துவதற்கு ஏணி மாதிரி நாலு சட்டம். பின்பக்கத்தை ஒரு கையால் தூக்கச் சொன்னார், தூக்க முடிந்தது. சக்கரத்தைச் சுண்டிவிட்டார். குடத்துக்குள் பேரிங் வைத்திருக்கிறார். நாங்கள் பேசத் தொடங்கி, அவர் மனைவி பிளேன்டீ கொண்டுவந்து வைத்த பிறகும் அது சுற்றிக்கொண்டிருந்தது.

அதன்பின் அச்சைக் காட்டினார். வழக்கமான இடத்திலிருந்து நாலு விரல் முன்னால் தள்ளியிருந்தது. இரட்டைச்சக்கர வண்டியில் அச்சு ஒரு தராசு முள். பாரம் அச்சுக்கு முன்னால் விழுந்தால் நுகம் மாட்டின் கழுத்தில் அமுக்கும். பின்னால் விழுந்தால் நுகம் மேலே கிளம்பும். அச்சை முன்னால் கொண்டுபோனால் கழுத்துப் பாரம் குறையும். பாரம் குறைந்த மாடு பறக்கும் என்பது இவர் கணக்கு. கேட்க நியாயமாகத்தான் இருந்தது.

திடலில் நடந்தது வேறு. பாதி ஓட்டத்தில் இடத்து மாடு தலையைத் தூக்கியது, சோடி குழம்பியது, வண்டில் தடம் மாறிப் போய் நின்றது. நாலு பேர் முன்னால் இவர், "மாடு பழக்கமில்ல" என்று சொல்லிவிட்டார். அவர், "வண்டிலா இது, கட்டுமரம்" என்று திருப்பிக் கொடுத்தார். பத்தாததற்கு, ஒலிபெருக்கியில் மாட்டுக்காரர் பெயரை மட்டும் சொல்லியிருக்கிறார்கள். "வண்டில் செய்தவன்ர பேரை ஒருத்தரும் சொல்லேல்ல," என்று அதைத் தனியாக ஒருமுறை சொன்னார். எங்கள் பக்கத்தில் கூட்டு மாடு ஓடினால் இரண்டு ஊர்ப் பெயரையும் சேர்த்துத்தான் கூவுவார்கள் என்றேன். சொல்லியிருக்கக் கூடாது. எண்ணெய் ஊற்றியதுபோல் ஆயிற்று.

கிளம்பும்போது, "அங்கால போனா இடத்து மாட்டின்ர கழுத்தைப் பாருங்கோ. காயம் எண்டு ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரியிறான். எனக்கு நம்பிக்கையில்ல," என்றார்.

ஆகவே, பார்க்க வேண்டிய இடங்கள் என்று எழுதிவைத்திருந்த தாளைப் பைக்குள் போட்டுவிட்டு, ஒரு மாட்டின் கழுத்தைப் பார்க்கப் போனேன். மன்னார் நகரத்து வீதியில் கழுதைகள் கும்பலாக நின்றன. அவற்றை யாரும் எதிலும் பூட்டுவதாகத் தெரியவில்லை, நிம்மதியாக இருந்தன. தீவு முழுக்க மணலும் பனையும் முள்ளும்தான். ராமநாதபுரத்தின் மிச்சம் என்று ஏற்கெனவே முடிவு கட்டியிருந்தேன். தாம்போதியைத் தாண்டி முருங்கன் பக்கம் திரும்பியதும் அந்த முடிவு நிற்கவில்லை. கண்ணுக்கு எட்டியவரை வயல். அருவியாற்றுத் தண்ணீரைத் தேக்கம் அணைக்கட்டில் மறித்துக் கட்டுக்கரைக் குளத்துக்குக் கொண்டுவருகிறார்கள். தாதுசேனன் என்ற மன்னன் ஐந்தாம் நூற்றாண்டில் கட்டியதாகச் சொல்லப்படும் குளம் இன்றும் வெள்ளாமைக்குத் தண்ணீர் கொடுக்கிறது. நம் ஊர்க் கண்மாய்களை நினைத்துக்கொண்டு பேசாமல் வந்தேன்.

மாட்டுக்காரர் நான் வந்த காரணத்தைக் கேட்டுவிட்டு, "முதல்ல சாப்பிடுங்கோ தம்பி," என்றார். குத்தரிசிப் புட்டு, பாரைமீன் குழம்பு, கத்தரிக்காய்ப் பொரியல். அந்தப் புட்டை உதிர்க்கக்கூட வேண்டியிருக்கவில்லை. குழம்பு பட்டதும் தானாகவே விழுந்தது. மீன் யார் கொடுத்தது என்று சும்மாதான் கேட்டேன். "முந்தி அவன்தான் குடுத்து விடுவான். இப்ப காசுக்கு வாங்குறம்," என்றார் அவர் மனைவி. மாட்டுக்காரர் மனைவியைப் பார்த்த பார்வையில் பேச்சு நின்றது.

பிறகு அவரே தொடங்கினார். அகப்பை ஒன்றை எடுத்து, தண்ணீர்ச் செம்பின் விளிம்பில் காம்பைக் குறுக்கே வைத்தார். "இது துலா. இது அச்சு." காம்பின் பின்முனையை விரலால் லேசாக அழுத்தினார். முன்முனை எழும்பியது. "ஓட்டுறவன் வேகத்தில பின்னுக்குச் சரியத்தானே செய்வான்? அப்ப நுகம் மேல வருது. பூட்டாங்கயிறு தொண்டையை இறுக்குது. மாடு மூச்சுக்குத்தானே தலையைத் தூக்கினது?" இதே சோடிதான் ஊர்த் தச்சன் செய்த பழைய வண்டிலில் பி பிரிவில் பரிசு வாங்கியது என்பதையும் சொன்னார். பேசாலைக்காரருக்கு இதற்குப் பதில் உண்டு: அது பி, இது ஏ.

தொழுவத்தில் இடத்து மாடு படுத்திருந்தது. எங்கள் பக்கத்துப் பெரிய மாட்டில் முக்கால்வாசி உயரம்தான் வரும். மோவாயைத் தூக்கிக் காட்டினார். தொண்டைக்குக் கீழே, கயிறு பதிந்த இடத்தில் இரண்டு விரல் அகலத்துக்கு முடியில்லை. தோல் கறுத்து வழவழவென்று இருந்தது. தொட்டேன். மாடு என் கையை நக்கியது.

தமிழ்நாட்டில் நாங்கள் இதற்காக நீதிமன்றம் வரை போனவர்கள் என்றேன். 2014-இல் உச்ச நீதிமன்றம் ஜல்லிக்கட்டையும் மாட்டுவண்டிப் பந்தயத்தையும் தடுத்தது, 2017-இல் மெரினாவில் கூட்டம் கூடியபின் அரசு சட்டத்தைத் திருத்தியது, 2023-இல் அதே நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு அந்தத் திருத்தம் செல்லும் என்றது, எல்லாவற்றையும் சொன்னேன். பண்பாடு, வதை என்று இரு தரப்பு வாதங்களையும் எடுத்துவைத்தேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"கோட்டில அச்சு எங்க இருக்க வேணுமெண்டு ஆராவது கேட்டவையோ?"

யாரும் கேட்டதாக எனக்கு நினைவில்லை.

இந்த இடத்தில் நட்பு, மானம், அகதி வாழ்க்கை, பிரிவு என்று எழுதத் தோன்றும். எனக்கும் தோன்றியது. ஒலிபெருக்கியில் விட்டுப்போன பெயர்தான் உண்மையான காரணம் என்று சொல்லிவிட்டால் கதை லட்சணமாக இருக்கும். ஆனால் இரண்டு பேர் வீட்டிலும் உட்கார்ந்து கேட்டவன் என்ற முறையில் சொல்கிறேன்: அவர்கள் சண்டை அச்சைப் பற்றியதுதான். பெயர் விஷயத்தை ஒருமுறை சொன்னவர், அச்சைப் பற்றி மத்தியானம் முழுக்கப் பேசினார். தான் செய்த கணக்கு சரி என்று ஒருவர் நம்புகிறார்; மாட்டின் தொண்டையைத் தினமும் தடவுகிற இன்னொருவரால் அதை ஏற்க முடியவில்லை. முப்பது வருஷப் பழக்கம் இதற்கு உடையலாமா என்றால், உடையலாம். அற்பக் காரணங்களுக்கு உடைந்த நட்புகளை எனக்கு நிறையத் தெரியும். அவற்றோடு பார்த்தால் இது கௌரவமான காரணம்.

என் தீர்ப்பு மாட்டுக்காரர் பக்கம். நின்றுகொண்டிருக்கும் வண்டிக்குப் பேசாலைக்காரரின் கணக்கு சரி. ஓடும்போது ஆள் பின்னால் சரிவான் என்பதை அவர் சேர்க்கவில்லை. கழுத்தைப் பார்த்துவிட்டுப் போனில் சொன்னேன். காயம் உண்மை, அச்சைப் பழைய இடத்துக்கே தள்ளுங்கள் என்றேன். "நீங்க ரோட்டு வண்டில் பாத்த ஆள் தம்பி, உங்களுக்குத் திடல் விளங்காது," என்று சொல்லி வைத்துவிட்டார். ஓட்டுகிறவன் முன்னால் குந்தப் பழகினால் போதும் என்பது அவர் கட்சி.

பந்தய வண்டி செய்கிற தச்சர்கள் சிவகங்கைப் பக்கத்திலும் தேனிப் பக்கத்திலும் இன்னும் இருக்கிறார்கள். அவர்களில் யாராவது இதைப் படித்தால், ஒற்றை ஆள் குந்துகிற வண்டிக்கு அச்சு எங்கே நிற்க வேண்டும் என்று அளவோடு எழுதிப் பத்திரிகைக்கு அனுப்புங்கள். என் பேச்சைக் கேட்காதவர் ஒரு தச்சர் பேச்சைக் கேட்பார். மன்னாருக்கு நான் அனுப்பி வைக்கிறேன்.