ஒரு குரலும் ஒரு மௌனமும்



கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வழியாக வெள்ளிமலைக்கு ஏறும் சாலையில், கோமுகி அணை பின்னால் மறைந்ததும் வளைவுகள் தொடங்கிவிடும். 2017 ஆம் ஆண்டு மே மாதம், ரமளானுக்குச் சில நாள்கள் முன்பு, அப்படி ஒரு வளைவில் அஸர் தொழுகைக்காக வண்டியை நிறுத்தினோம். சென்னையில் ஒரு கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த எங்கள் மூத்த மகன் விடுமுறைக்கு வந்திருந்தான். பாறை மீது துண்டை விரித்துவிட்டு அவன் பாங்கு சொன்னான். எதிர்ச்சரிவு அவன் குரலை வாங்கித் திருப்பித் தந்தது. அவன் ஒவ்வொரு வாசகத்துக்கும் நிறுத்தி, மலை சொல்லி முடித்த பிறகே அடுத்ததைத் தொடங்கினான்.

இறைத்தூதர் தாவூத் (அலை) அவர்கள் இறைவனைத் துதித்தபோது மலைகளும் பறவைகளும் உடன் துதித்தன என்று குர்ஆனில் அன்பியா, ஸபா, ஸாத் ஆகிய அத்தியாயங்கள் கூறுகின்றன. பலமுறை ஓதிய செய்திதான். ஆயினும் கல்வராயன் மலையின் அந்த வளைவில் நின்றபோதுதான் அது எங்கள் உள்ளத்தில் இறங்கியது.

தொழுது முடித்ததும் மகன் தயங்கித் தயங்கி ஒரு செய்தியைச் சொன்னான். கல்லூரியின் சேர்ந்திசைக் குழுவில் அவன் ஓராண்டாகப் பாடி வருகிறான். அக்டோபரில் கொழும்பில் நடைபெறும் ஆசிய பசிபிக் சேர்ந்திசைப் போட்டிக்கு அக்குழு செல்கிறது. அவன் பெயரும் பட்டியலில் இருக்கிறது. "நீங்க வேண்டாம்னு சொன்னா போகலை அத்தா" என்றான். அவன் பாடுவதே எங்களுக்குத் தெரியாது. ஓராண்டாக நம்மிடம் மறைத்தானே என்ற வருத்தம் முதலில் வந்தது. மறைக்கும் அளவுக்கு நம்மிடம் அச்சம் கொண்டிருந்தானே என்ற வருத்தம் அதற்குப் பின்னர் வந்தது. இரண்டாவது வருத்தமே பெரிதாக இருந்தது.

எங்கள் குடும்பத்துக்குக் குரல் புதிதல்ல. அவனுடைய பாட்டனார் துணி மூட்டையைத் தலையில் சுமந்து இந்த மலைக் கிராமங்களுக்கு நடந்தே சென்று விற்றவர். தனி வழியில் அச்சம் தெரியாமல் இருக்க உரக்க ஓதிக்கொண்டே நடப்பார். மீலாது நாள்களில் பள்ளிவாசல் முற்றத்தில் பைத் ஓதும் வரிசையில் அவருடைய கனத்த குரல் தனியே கேட்கும். நாகூர் ஹனிஃபா அவர்களின் பாடல்கள் ஒலிக்காத பெருநாள் எங்கள் இளமையில் இருந்ததில்லை. பாட்டனாரின் குரலே பேரனுக்கும் வாய்த்திருந்தது.

சேர்ந்திசை என்றால் என்ன என்பதை அவனிடமிருந்தே கற்றோம். அது ஆண்கள் மட்டும் உள்ள குழு. உயர்ந்த குரலிலிருந்து ஆழ்ந்த குரல் வரை நான்கு பிரிவுகள். ஆழ்ந்த குரலுக்குப் பாஸ் என்று பெயர். அப்பிரிவில் இருந்தவர்கள் ஐவர். அவர்களுள் இவன் ஒருவன். வாத்தியங்கள் எவையும் இல்லை. மனிதக் குரல் மட்டுமே. இத்தகைய குழுக்கள் நாடு நாடாகச் சென்று போட்டியிடுவது உலக வழக்கமாகிவிட்டது. இன்டர்குல்ட்டூர் என்னும் ஜெர்மானிய அமைப்பு 2000 ஆம் ஆண்டில் ஆஸ்திரியாவின் லின்ஸ் நகரில் உலகப் போட்டியைத் தொடங்கியது. 2010 இல் சீனாவின் ஷாவோஷிங் நகரில் நடந்த போட்டியில் நம் நாட்டின் ஷில்லாங் சேம்பர் காயர் குழு மூன்று தங்க விருதுகளைப் பெற்றது. கொழும்புப் போட்டியும் அதே அமைப்பு நடத்துவதுதான்.

ஆனால் ஒரு சிக்கல் இருந்தது. பாட வேண்டிய மூன்று பாடல்களில் ஒன்று இலத்தீன் மொழியிலான கிறிஸ்தவத் துதிப்பாடல். செய்தி உறவினர்களிடையே பரவியது. "நம்ம பிள்ளை சர்ச் பாட்டுப் பாடவா கடல் தாண்டிப் போகணும்?" என்று ஒருவர் கேட்டார். அவரைக் குறை சொல்வதற்கில்லை. அதே கேள்வி எங்கள் உள்ளத்திலும் இருந்தது.

ரமளானில் ஒருநாள் தராவீஹ் தொழுகைக்குப் பின் மகனை அழைத்துக்கொண்டு ஹஜ்ரத் அவர்களிடம் சென்றோம். சிறுவயதில் அவனுக்குக் குர்ஆன் ஓதக் கற்றுத் தந்தவர் அவர். கோபிப்பார் என்று எண்ணினோம். அவரோ, தோழர் அபூ மூஸா அல் அஷ்அரீ (ரலி) அவர்களின் ஓதலைக் கேட்ட நபி (ஸல்) அவர்கள், தாவூத் குடும்பத்தாரின் இனிய குரல் அவருக்கு வழங்கப்பட்டிருப்பதாகப் பாராட்டியதை நினைவூட்டினார். அழகிய குரல் இறைவனின் கொடை என்றார். இசை குறித்து அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு என்பதையும் மறைக்கவில்லை. பிறகு மகனிடம் மூன்று கேள்விகளைக் கேட்டார். "தொழுகையைத் தவறவிடாமல் இருப்பாயா? புகழுக்காகப் போகிறாயா? அந்தப் பாட்டின் பொருள் உனக்குத் தெரியுமா?"

முதல் கேள்விக்கு உடனே விடை சொன்னான். இரண்டாவதற்குத் தலைகுனிந்தான். மூன்றாவதற்குத் தெரியாது என்றான். "பொருள் தெரியாத ஒன்றுக்கு நாவைக் கொடுக்காதே, முதலில் தெரிந்துகொண்டு வா" என்று அனுப்பிவிட்டார்.

கல்லூரிக்குத் திரும்பியதும் தேடிப் பார்த்தான். அது 117 ஆம் சங்கீதம். சங்கீதங்களிலேயே மிகச் சிறியது. எல்லா இனத்தாரும் படைத்தவனைத் துதிக்க வேண்டும் என்பதே அதன் கருத்து. தாவூத் (அலை) அவர்களுக்கு ஸபூர் வேதம் அருளப்பட்டது என்று நாம் நம்புகிறோம். இன்று கிறிஸ்தவர்களிடம் உள்ள சங்கீத நூலின் வாசகம் அப்படியே ஸபூர்தான் என்று நாம் சொல்வதில்லை. எனினும் அந்தச் சிறிய பகுதியில் நம் ஈமானுக்கு முரணான சொல் எதுவும் இல்லை. ஆனால் பாடலின் முடிவில், திருச்சபை வழக்கப்படி, தந்தை, மகன், தூய ஆவி ஆகிய மூவருக்கும் மகிமை சொல்லும் சில அடிகள் சேர்க்கப்பட்டிருந்தன. அங்கேதான் நம் நம்பிக்கையும் அவர்களுடைய நம்பிக்கையும் பிரிகின்றன.

"அந்த அடிகளை என்னால் சொல்ல முடியாது, குழுவுக்கு அது இடைஞ்சல் என்றால் விலகிக்கொள்கிறேன்" என்று பயிற்சி ஆசிரியரிடம் கூறியிருக்கிறான். ஆசிரியர் கிறிஸ்தவர், வழிபாட்டில் ஊறியவர். அவர் மனம் புண்படுமே என்று நாங்கள் ஊரில் கவலைப்பட்டுக்கொண்டிருந்தோம். அவர் இசைத்தாளைக் கையில் வாங்கி, அந்த அடிகளின் மேல் பென்சிலால் ஒரு கோடு போட்டாராம். "நம்பாததைச் சும்மா வாயால் சொல்வதை நானும் விரும்பவில்லை. குழுவில் எல்லோரும் எங்கோ ஓரிடத்தில் மூச்சு விடத்தான் செய்கிறோம். நீ இங்கே மூச்சு விடு. மற்ற நால்வரும் பார்த்துக்கொள்வார்கள்" என்றாராம்.

நீண்டு ஒலிக்கும் சுரத்தில் எல்லோரும் ஒரே நேரத்தில் மூச்செடுத்தால் ஒலி அறுந்துவிடும். எனவே ஒருவர் பின் ஒருவராக மாறி மாறி மூச்செடுக்கிறார்கள். ஒருவருடைய மௌனத்தை மற்றவருடைய குரல் மூடிக்கொள்கிறது. கேட்பவருக்கு இடைவெளி தெரிவதில்லை. இன்னொன்றையும் மகன் சொன்னான். தன் குரல் மட்டும் தனியே கேட்கும்படி ஒருவர் பாடினால், எவ்வளவு இனிமையாக இருந்தாலும் சேர்ந்திசையில் அது பிழை. இதைக் கேட்ட ஹஜ்ரத் சிரித்தார். "தொழுகை வரிசையில் தோளோடு தோள் சேர்ந்து நிற்கச் சொன்னதும் வேறு எதற்காம்? முகஸ்துதிக்கு நல்ல மருந்தாக இருக்கிறதே!" என்றார். அவன் தலைகுனிந்த இரண்டாவது கேள்விக்கு விடை அதுவாக இருக்கக்கூடும்.

பெற்றோராகிய நாங்களும் உடன் சென்றோம். உம்ராவுக்கென்று எடுத்து வைத்திருந்த பாஸ்போர்ட்டுகளில் முதல் முத்திரை கொழும்பினுடையதாக விழுந்தது. உம்ராவுக்கு என்று சேர்த்த பணத்திலும் ஒரு பகுதி கரைந்தது. அது சரியா என்ற உறுத்தல் விமானத்தில் ஏறிய பின்னும் போகவில்லை. கள்ளக்குறிச்சியிலிருந்து சென்னைக்குப் பேருந்தில் செல்ல ஐந்தாறு மணிநேரம் ஆகிறது; சென்னையிலிருந்து கொழும்புக்கு ஒன்றரை மணிநேரம்கூட ஆகவில்லை. பயண துஆவை ஓதி முடித்துச் சற்று நிமிர்ந்தால், கீழே கடல் முடிந்து தென்னந்தோப்புகள் தெரிந்தன.

போட்டி அக்டோபர் 21 முதல் 28 வரை நடந்தது. அயல்நாட்டுப் பிள்ளைகள் தத்தம் உடையில் வந்திருந்தார்கள். இவர்கள் வெள்ளை வேட்டி சட்டையில் மேடை ஏறினார்கள். மகன் பின் வரிசையின் ஓரத்தில் நின்றான். சங்கீதம் தொடங்கியது. அரங்கம் அடங்கிப் போயிற்று. முடிவுப் பகுதி வந்தபோது அவன் உதடுகள் மூடிக்கொண்டன. பார்வை ஆசிரியரின் கையை விட்டு அகலவில்லை. அருகில் நின்ற நண்பன் சற்று நிமிர்ந்து மூச்சை நிறைத்துக்கொண்டதைக் கண்டோம். இவனுடைய பங்கையும் அவனே சுமக்கிறான் என்பது எங்களுக்குப் புரிந்தது. ஒலியில் எந்தக் குறைவும் எங்கள் காதுக்குத் தெரியவில்லை. ஆனால் அந்தச் சில நொடிகள் எங்களுக்கு மிக நீண்டவையாக இருந்தன.

அப்போட்டியில் ஒருவருக்கு மட்டும் தங்கம் என்பதில்லை. பெற்ற புள்ளிகளின் தரத்துக்கேற்பப் பல குழுக்கள் தங்கமோ வெள்ளியோ பெறலாம். நன்மைகளில் போட்டியிட்டு முந்துங்கள் என்ற இறைக்கட்டளை நினைவுக்கு வந்தது. அங்கும் ஒருவர் வெல்வதால் மற்றவர் தோற்பதில்லை. இவர்களுக்கு வெள்ளி கிடைத்தது. பிள்ளைகள் தங்கத்தை எதிர்பார்த்திருந்தார்கள். சிலர் அழுதார்கள். அன்றிரவு விடுதி வாசலில் மகன் கேட்டான்: "அத்தா, நானும் முழுசாப் பாடியிருந்தா தங்கம் வந்திருக்குமோ?"

எங்களிடம் விடை இல்லை. ஈமானைக் காக்கச் சொன்னவர்கள் நாங்கள். அதன் விலையை அவனுடைய நண்பர்களும் செலுத்தினார்களோ என்ற எண்ணம் எங்களை உறங்கவிடவில்லை. மறுநாள் காலை ஆசிரியர் நடுவர்களின் குறிப்புகளைக் குழுவுக்குப் படித்துக் காட்டினார். சங்கீதத்துக்கு நல்ல மதிப்பெண். குறை நேர்ந்தது நாட்டுப்புறப் பாடலில். பாடப்பாடச் சுருதி சற்றே இறங்கிவிட்டதாம். வாத்தியத் துணையின்றிப் பாடும் குழுக்களுக்கு அடிக்கடி நேரும் தவறு அது. நம் பிள்ளை தொண்டை திறந்து முழு மகிழ்ச்சியோடு பாடிய பாடல் அது! அவன் முகம் சிவந்தது, பிறகு சிரித்துவிட்டான். அவனுடைய மௌனம் யாருக்கும் தீங்கு செய்யவில்லை. திருத்த வேண்டியது குரலைத்தான்.

27 ஆம் தேதி வெள்ளிக்கிழமை. கொழும்புப் புறக்கோட்டையின் சிவப்புப் பள்ளிவாசலுக்கு ஜும்ஆவுக்குச் சென்றோம். நூற்றாண்டைக் கடந்த அந்தக் கட்டடத்தைச் சிவப்பும் வெள்ளையுமாய் வியந்து பார்த்துக்கொண்டிருந்த மகனிடம் ஒரு முதியவர், "மகன் எந்த ஊர்?" என்று கேட்டார். கள்ளக்குறிச்சி என்றதும் அவருக்குத் தெரியவில்லை. நம் தமிழ் மட்டும் தெரிந்தது. வெளியே வந்தபோது, எங்களை அழைத்துச் செல்லக் குழுவின் வண்டி காத்திருந்தது. பிள்ளைகள் மதிய உணவை எடுக்காமல் இவனுக்காகக் காத்திருந்தார்கள். சங்கீதத்தில் இவனுக்காக மூச்சை நிறைத்த நண்பன் இவனுடைய பொட்டலத்தை மடியில் வைத்திருந்தான்.

2019 ஆம் ஆண்டில், எங்கள் ஊர் தனி மாவட்டமாக அறிவிக்கப்பட்ட அதே ஆண்டில், அல்லாஹ் எங்களுக்கு உம்ராவை நிறைவேற்றித் தந்தான். பாஸ்போர்ட்டில் இரண்டாவது முத்திரை விழுந்தது. இஹ்ராமில் மக்காவை நோக்கிச் சென்ற வண்டியில் எல்லோரும் தல்பியா ஓதிக்கொண்டிருந்தார்கள். கையசைத்து நடத்துபவர் எவரும் இல்லை. ஒரு முதியவர் மூச்சு வாங்கி நிறுத்தினார்; பின்னிருக்கையிலிருந்து வேறொருவர் தொடர்ந்தார்; அவர் தளர்ந்தபோது மகனின் ஆழ்ந்த குரல் அடியிலிருந்து தாங்கிக்கொண்டது. அது எங்கும் தனியே கேட்கவில்லை. நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

இது எவருக்கும் தீர்ப்பு அன்று. உங்கள் பிள்ளை இத்தகைய கேள்வியோடு வந்தால் உங்கள் ஊர் ஆலிமிடம் கேளுங்கள். அதற்கு முன், பிள்ளை அச்சமின்றி உங்களிடம் வந்து சொல்லும்படி வீட்டை வைத்துக்கொள்ளுங்கள். ஓராண்டு காலம் நாங்கள் அப்படி வைத்திருக்கவில்லை.

எங்கே குரல் கொடுக்க வேண்டும், எங்கே மௌனம் காக்க வேண்டும் என்பதை அறியும் அறிவையும், பிறருடைய மௌனத்தை நம் குரலால் தாங்கும் உள்ளத்தையும் அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.