173ஆம் அறையில் ஓர் 'இ'

விண்டோஸ் 10க்குக் கொடுத்துவந்த ஆதரவை 2025 அக்டோபரில் நிறுத்திவிட்டார்கள். வீட்டுக்குப் புதிய கம்ப்யூட்டர் வந்தது இப்படித்தான். வந்த அன்றே, காலமாகிவிட்ட கவிஞ நண்பரின் கோப்புகள் பேச மறுத்தன. திறந்தால், தலையில் கொம்பும் புள்ளியும் முளைத்த ரோமன் எழுத்துகள். டாடாயிஸ்டுகள் சந்தோஷப்பட்டிருக்கக்கூடிய பிரதி.

யூனிகோடில் 1991இலேயே தமிழுக்கு இடம் கிடைத்துவிட்டது. ஆனாலும் அதற்குப் பிறகு வெகுகாலம் 256 அறைகள் கொண்ட பெட்டிகளில்தான் தமிழை அடித்துக்கொண்டிருந்தோம். முதல் பாதி ஆங்கிலத்துக்கு, மிச்சத்தில் தமிழ். 1999இல் சென்னையில் மாநாடு கூட்டி டாம், டாப் என்று தரப்படுத்திய பிறகும் அவரவர் பெட்டி அவரவருக்கு. நண்பருடையது திஸ்கி. அதில் கொம்பு முதலில் வரும், எழுத்து பின்னால். அச்சுக் கோப்பவரின் கை போகிற வரிசை. யூனிகோடில் இது தலைகீழ்.

மாற்றித்தரும் நிரல்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. என் பிரச்னை அதுவல்ல. திஸ்கியில் 'இ' உட்கார்ந்திருந்தது 173ஆம் அறையில். உலகம் முழுவதும் அந்த அறை, வரி முடிவில் மட்டும் தலைகாட்டும் இணைப்புக்கோட்டுக்கு உரியது. ஆகவே சில மென்பொருள்கள் 'இ'யைக் காட்டாமல் மறைத்தன. சில, நகலெடுக்கும்போதே உதிர்த்தன. (பின்னாளில் 'இ'க்கு வேறு அறையும் கொடுத்தார்கள்.) நண்பர் ஒரு பத்திரிகைக்கு அனுப்பிய கவிதையில் 'ரவு', 'ல்லை' என்று நின்றவற்றை ஆசிரியர் சரிசெய்துவிட்டார். ரகரமும் லகர மெய்யும் சொல்லுக்கு முதலில் வராது என்ற இலக்கணம் காப்பாற்றியது. ஆனால் 'இமை', 'மை' ஆகி, சந்தேகத்துக்கு இடமில்லாமல் அச்சேறியது. அந்த மையை எழுத்தின் குறியீடாக்கி ஒருவர் ஆறு பக்கம் எழுதினார். கட்டுரை மோசமில்லை.

நண்பர் தன் திரையில் எதைப் பார்த்தார்? இது தெரிய அவருடைய மென்பொருளே ஓடியாக வேண்டும். அவர் வீட்டிலிருந்து குறுந்தகடு கிடைத்தது. புதிய கம்ப்யூட்டரில் அதைச் சொருக வாயில்லை. தனியாக டிரைவ் வாங்கினேன். மென்பொருள் 32 பிட் காலத்தது. அதை நிறுவுகிற குட்டி நிரல் மட்டும் 16 பிட். 64 பிட் விண்டோஸில் அது ஓடாது. விண்டோஸ் 11இல் 64 பிட் தவிர வேறு வகையே கிடையாது. கடைசியில், கம்ப்யூட்டருக்குள் ஒரு பொய்க் கம்ப்யூட்டரை உண்டாக்கும் விர்ச்சுவல்பாக்ஸில், 2001இன் விண்டோஸ் எக்ஸ்பியை ஏற்றினேன். இணையத் தொடர்பு கொடுக்கவில்லை. மூன்று இரவுகள். பாங்கில் பகலெல்லாம் திரையைப் பார்த்தது போதாதா என்று மனைவி கேட்டதில் நியாயம் உண்டு. நான்காம் இரவு மென்பொருள் முணுமுணுக்காமல் நிறுவிக்கொண்டது.

கோப்பைத் திறந்தேன். 'இமை' என்றே இருந்தது.

தொகுப்பைக் கொண்டுவருகிற நண்பர் இதை ஒப்புக்கொள்ளவில்லை. பத்திரிகை வந்த பிறகும் கவிஞர் நான்கு வருஷம் உயிரோடிருந்தார், திருத்தம் அனுப்பவில்லை, எனவே 'மை' அவர் அங்கீகரித்த பாடம் என்பது அவர் கட்சி. 'மை' நல்ல படிமம் என்றும் சொல்கிறார். இருக்கலாம். சிறுபத்திரிகை அச்சுப்பிழைக்குத் திருத்தம் அனுப்பிக்கொண்டிருந்தால் எந்தக் கவிஞனுக்கும் வேறு வேலை நடக்காது. தவிர, கோப்பின் தேதி, பத்திரிகை வந்து ஏழு மாதங்களுக்குப் பிந்தியது. கடைசி வரியை மாற்றி எழுதியிருக்கிறார். மூன்றாம் வரியின் இமையைத் தொடவில்லை. எலியட்டின் பாழ்நிலக் கையெழுத்துப் பிரதி 1971இல் வெளிவந்தபோது பவுண்டின் வெட்டுகளைக் காகிதத்திலேயே பார்க்க முடிந்தது. இங்கே எனக்குக் கிடைத்தது ஒரு தேதியும் ஓர் அறை எண்ணும்தான்.

வாதம் நடந்துகொண்டிருக்கிறது. இன்னும் முப்பத்தொரு கோப்புகளைத் திறக்க வேண்டும்.