ஒளிக்கத் தெரியாத ஆறு

“அப்பா, நம்ம படகு தண்ணியில போகுதா, காத்துல போகுதா?”

முன் இருக்கையிலிருந்து மகள் கேட்டாள். எட்டிப் பார்த்தேன். நியாயமான கேள்விதான். எங்கள் காயாக்கின் நிழல் ஆற்றின் அடியில், வெண்மணல் மேல் எங்களோடு நகர்ந்துகொண்டிருந்தது. நிழலுக்கும் எங்களுக்கும் நடுவே ஒரு மீன் கூட்டம் நிதானமாகக் கடந்து போனது.

பேராக் மாநிலத்தில் தோட்டப்புறத்தில் வளர்ந்தவன் நான். ஆறு என்றால் எனக்குத் தே தாரேக் நிறம்தான். முழங்கால் அளவு இறங்கினாலே பாதம் தெரியாது. அடி தெரியும் ஆற்றை முதன்முதலில் பார்த்தபோது எனக்கு மகிழ்ச்சியைவிடப் பயம்தான் முதலில் வந்தது.

டிசம்பர் பள்ளி விடுமுறைக்கு அமெரிக்காவின் ஆர்லாண்டோ நகரில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போயிருந்தோம். மூன்று நாள் கேளிக்கைப் பூங்காக்களில் வரிசை பிடித்து நின்று களைத்த பிறகு, அத்தான் சொன்னார்: “மச்சான், நாளைக்கு வரிசையே இல்லாத இடத்துக்குப் போவோம்.” வடமேற்கே ஏறத்தாழ ஒன்றரை மணி நேரக் கார் பயணம். ஒக்காலா என்ற ஊரை ஒட்டி இருக்கிறது சில்வர் ஸ்பிரிங்ஸ்.

இங்கே ஆறு மலையிலிருந்து இறங்குவதில்லை. தரைக்கு அடியிலிருந்து பொங்கி எழுகிறது. புளோரிடாவின் மணலுக்குக் கீழே சுண்ணாம்புக்கல் படுகை பரந்து கிடக்கிறது. ஈப்போவின் குகைக் கோயில்களையும் பத்துமலையையும் நமக்குத் தந்த அதே வகைப் பாறை. மழைநீர் மணலில் வடிகட்டப்பட்டு, அந்தப் பாறையின் துளைகளிலும் குகைகளிலும் தேங்கி, அழுத்தத்தால் ஊற்றாக மேலே வருகிறது. மண் கலக்காததால் கண்ணாடித் தெளிவு. கோடையோ குளிரோ, நீரின் வெப்பம் ஏறக்குறைய 22 டிகிரி செல்சியஸ்தான். அன்று காலைக் குளிரில் ஆற்றின் மேல் ஆவி பறந்தது. அடுப்பில் வைத்த பாத்திரம் போலிருக்கிறது என்றாள் அக்கா.

1870களின் இறுதியிலிருந்தே இங்கே அடிப்பாகத்தில் கண்ணாடி பதித்த படகுகளில் மக்களை ஏற்றிச் சென்று ஊற்றுக்கண்களைக் காட்டுகிறார்கள். அக்காவும் அத்தானும் அதில் ஏறிக்கொண்டார்கள். நானும் மகளும் காயாக் எடுத்தோம்.

சிறிது தூரம் போனதும் பாம்புபோல ஒரு கழுத்து மட்டும் நீருக்கு மேலே நீந்தியது. மகள் துடுப்பை இறுகப் பிடித்துக்கொண்டாள். மறுகணம் அது முங்கியது. உள்ளே நீந்துவதையும், நீர்ப்புற்களுக்கு நடுவே வளைந்து திரும்பி ஒரு மீனை அலகால் குத்துவதையும் படகில் இருந்தபடியே பார்த்தோம். பாம்புத்தாரா! இதன் சிறகுகள் நனைந்துவிடும் தன்மை உடையவை. அதனால் கரையேறி இறக்கைகளை விரித்து வெயிலில் காயவைத்தது, கொடியில் சட்டை காய்வதுபோல. சாய்ந்த மரங்களில் ஆமைகள் வரிசையாக வெயில் காய்ந்தன. கரைப்புல்லில் ஒரு முதலை. அகன்ற மூக்குடைய ஆலிகேட்டர் வகை. எங்களை அது கண்டுகொள்ளவே இல்லை. நான்தான் துடுப்பு போடும் வேகத்தைக் கூட்டிவிட்டேன்.

அடுத்த வளைவில் மரக்கிளை குலுங்கியது. நிமிர்ந்தால், குரங்குகள்! அமெரிக்கக் காட்டில் குரங்கா?

வட இந்தியாவில் கோயில்களைச் சுற்றித் திரியும் செம்முகக் குரங்குகளேதான். 1930களில் இங்கே படகுச் சுற்றுலா நடத்திய கர்னல் டூயி என்பவர் கொண்டுவந்து விட்டவை. ‘கர்னல்’ இராணுவப் பதவி இல்லை. அவருடைய பெயரே அதுதான். பயணிகள் பார்த்து ரசிக்கட்டும் என்று ஆற்றின் நடுவே ஒரு தீவில் சில குரங்குகளை விட்டார். அவற்றுக்கு நீச்சல் தெரியும் என்பது அவருக்குத் தெரியாது. நீந்திக் கரையேறிப் பெருகிவிட்டன. டார்ஸான் படப்பிடிப்பிலிருந்து தப்பியவை என்று ஒரு கதையும் உண்டு; அது உண்மையில்லை.

1984 முதல் 2012 வரை சுமார் ஆயிரம் குரங்குகளைப் பிடித்து அகற்றியிருக்கிறார்கள். ஆனாலும் கூட்டம் அழியவில்லை. இவற்றில் பல, மனிதருக்குத் தொற்றினால் உயிருக்கே ஆபத்தான ஹெர்ப்பீஸ் பி கிருமியைச் சுமக்கின்றன. அதனால் இவற்றுக்கு உணவு கொடுப்பது சட்டப்படி குற்றம். உணவு கொடுத்துப் பழக்கினால் பயம் விட்டுப்போகும், பயம் விட்டால் நெருங்கும், நெருங்கினால் கடிக்கும். பழி கடைசியில் குரங்கின் தலையில்தான் விழும்.

இதைப் படகுத்துறைப் பணியாளர் ஒருவர் காலையிலேயே சொல்லியிருந்தார். நான் மகளுக்கு அதையே ஒப்பித்தேன். அவள் திரும்பிப் பார்த்தாள்.

“பத்துமலையில நீங்களும்தான கச்சான் போட்டீங்க? அப்புறம் அது என் பையைப் பிடிச்சி இழுத்திச்சே!”

என்னிடம் பதில் இல்லை. நான்கு ஆண்டுகளுக்கு முன் நடந்தது. மகள் பயந்து அழுதபோது நான் அந்தக் குரங்கைத்தான் திட்டினேன். எண்பது, தொண்ணூறு ஆண்டுகளுக்கு முன் ஒருவர் ஆசைக்கு விட்ட குரங்குகளைப் பற்றிப் பாடம் எடுக்க வந்தவன், என் கையில் இருந்த கச்சான் பொட்டலத்தை மறந்துவிட்டேன்.

“தப்புதாம்மா” என்றேன். அவள் ஒன்றும் சொல்லாமல் துடுப்பு போட்டாள்.

ஊற்றிலிருந்து ஏறத்தாழ ஒன்றரைக் கிலோமீட்டர் கீழே, கரையில் ஒரு காலத்தில் இன்னொரு பூங்கா இருந்தது. பெயர் பாரடைஸ் பார்க். 1949இல் கறுப்பினத்தவர்களுக்கென்று தனியாகத் திறந்தது. ஊற்றுப் பூங்காவில் வெள்ளையர்களுக்கு மட்டுமே அனுமதி இருந்த காலம் அது. அங்கே கண்ணாடிப் படகுகளைத் திறமையாக ஓட்டிய கறுப்பினப் படகோட்டிகள், தம் பிள்ளைகளை அங்கே பயணிகளாக அழைத்துவர முடியாது. ஒரே ஆறு, ஒரே தண்ணீர், இரண்டு வாசல்கள். 1969இல் பாரடைஸ் பார்க் மூடப்பட்டது. இன்று அந்தப் பக்கம் மரங்கள்தான் நிற்கின்றன.

திரும்பும் வழியில்தான் அந்தச் சத்தம் கேட்டது. ‘புஸ்ஸ்’ என்று யாரோ பெருமூச்சு விட்டதுபோல. துடுப்புகளை மடியில் வைத்துவிட்டு அசையாமல் உட்கார்ந்தோம். படகுக்குக் கீழே சாம்பல் நிறத்தில் ஒரு பெரிய உருவம், அதன் பக்கத்திலேயே ஒரு குட்டி. மானட்டி என்ற கடற்பசு! ஜொகூர்க் கடலில் வாழும் டுயோங்கின் உறவுக்காரர். குளிர்ந்த நீர் இவற்றுக்கு ஆகாது. கடலும் ஆறும் குளிரும்போது, மாறாத வெப்பமுள்ள ஊற்றுகளைத் தேடி வரும்.

தாயின் முதுகில் வெள்ளைக் கோடுகள் தெரிந்தன. மோட்டார் படகுகளின் விசிறிகள் கீறிய தழும்புகள். ஆராய்ச்சியாளர்கள் ஒவ்வொரு மானட்டியையும் அடையாளம் காண்பதே இத்தகைய தழும்புகளை வைத்துத்தான்.

“தொடலாமா?” என்று கேட்க வாயெடுத்தவள், தானே கையை உள்ளே இழுத்துக்கொண்டாள். தொடக்கூடாது என்பது சட்டம். ஆனால் அவளுக்கு அப்போது சட்டம் தேவைப்படவில்லை.

மானட்டிகள் மேயும் நாடா போன்ற நீர்ப்புல்லைக் கவனித்தேன். பல இடங்களில் அதன் மேல் பழுப்புப் பாசி அப்பியிருந்தது. மேலே நிலத்தில் புல்வெளிகளுக்கும் பண்ணைகளுக்கும் இடும் உரமும், வீட்டுக் கழிவுநீர்த் தொட்டிகளிலிருந்து கசிவதும் மணல் வழியே இறங்கி, நைட்ரேட்டாக ஊற்றில் வெளிவருகின்றன. லிட்டருக்கு 0.35 மில்லிகிராம் என்பது மாநிலம் வைத்துள்ள இலக்கு. இங்கே அளந்தது அதைவிடப் பல மடங்கு. கண்ணுக்குத் தெரியாத நைட்ரேட்டையும் இந்த ஆறு பாசியாக்கிக் காட்டிவிடுகிறது.

நம் ஊர் ஆறுகள் கலங்கலாக ஓடுவதால், நாம் கொட்டுவது நமக்குத் தெரிவதில்லை. அந்த வசதி இந்த ஆற்றில் இல்லை.

கரையேறியதும் அத்தான் “எப்படி?” என்று கேட்டார். மகள் மானட்டிக் குட்டியைப் பற்றி மூச்சுவிடாமல் சொன்னாள். பிறகு என்னைப் பார்த்துவிட்டு, “பத்துமலைக் கதையைச் சொல்லட்டுமா?” என்றாள்.

சொல்லட்டும் என்று விட்டுவிட்டேன்.

போக நினைப்பவர்களுக்கு

* நவம்பர் முதல் மார்ச் வரை ஏற்ற காலம். காலையிலேயே போய்விடுங்கள்.

* கீழ்நோக்கிப் போவது சுலபம். திரும்பும்போது நீரோட்டத்தை எதிர்த்துத் துடுப்பு போட வேண்டும். கை வலிக்கும் முன்பே திரும்புங்கள்.

* காயாக் பூங்காவிலேயே வாடகைக்குக் கிடைக்கும். உயிர்காப்பு அங்கி கட்டாயம் அணியுங்கள். இங்கே நீந்த அனுமதி இல்லை.

* தாத்தா பாட்டியோடு போனால் கண்ணாடிப் படகு நல்லது.

* கோலாலம்பூரிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் ஆர்லாண்டோவுக்கு நேரடி விமானம் இல்லை. அமெரிக்க நுழைவு அனுமதிக்கான விதிகளை முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள்.

* தின்பண்டங்களைப் பைக்குள் மூடி வையுங்கள். குரங்குக்கும் வேண்டாம், முதலைக்கும் வேண்டாம்.