வேம்பு சூடிய வேல்

நெடுநல்வாடை அகமா, புறமா என்னும் வினா தமிழிலக்கிய வகுப்புகளில் ஆண்டுதோறும் எழுவது. நக்கீரர் பாடிய அந்த 188 அடிகளில் தலைவன் பெயரும் இல்லை. தலைவி பெயரும் இல்லை. பிரிவாற்றாது வருந்தும் அரசி ஒருபுறம். பாசறையில் நள்ளிரவிலும் உறங்காமல், புண்பட்ட வீரர்களைக் கண்டு வரும் அரசன் மறுபுறம். ஆயினும் நச்சினார்க்கினியர் இப்பாட்டைப் புறம் என்றார். அரசனுக்கு முன்னே செல்பவன் ஏந்திய வேலின் தலையில் வேம்பு கட்டப்பட்டிருப்பதே காரணம். வேம்பு பாண்டியர்க்குரிய அடையாளப் பூ. பெயரைச் சொல்லாமலே ஆள் இன்னார் என்று தெரிந்துவிடுகிறது. அகத்திணையில் எவரையும் பெயர் சுட்டிப் பாடலாகாது என்ற தொல்காப்பிய விதி அந்த ஒற்றைப் பூவால் குலைந்தது என்பது அவர் கொள்கை. இதை மறுப்போரும் உண்டு.

பெயரை நீக்கிவிட்டால் மட்டும் ஒருவர் மறைந்துவிடுவாரா? உரையாசிரியரின் இந்தக் கேள்விதான் இன்று தரவறிவியலின் அறநெறியில் மையமான கேள்வி என்பதை என் ஊரிலேயே கண்டேன்.

அம்மையார்குப்பம் நெசவாளர் ஊர். விசைத்தறிச் சத்தத்துக்கு நடுவே தமிழும் தெலுங்கும் கலந்து ஒலிக்கும் எல்லைப்புறம். திருத்தணி வட்டாரம் ஆந்திரத்திலிருந்து பிரிந்து சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது 1960இல்தான். புள்ளியியல் பயிலும் மாணவர் சிலர் இங்குள்ள தறிக்காரர் குடும்பங்களின் கடன் நிலையைக் கணக்கெடுத்து ஓர் அறிக்கை தயாரித்தார்கள். நல்ல நோக்கம், உழைப்பும் உண்மையானது. தமிழைத் திருத்தித் தரும்படி என்னிடம் கொண்டுவந்தார்கள். பின்னிணைப்பாகக் குடும்பங்களின் பட்டியல் முழுவதும் இருந்தது. தெரு, குடும்பத் தலைவரின் வயது, ஆணா பெண்ணா, தறிகளின் எண்ணிக்கை, வீட்டு மொழி, கடன் தொகை, கடன் வாங்கிய இடங்கள் எனப் பல கட்டங்கள்.

ஒரு வரியில் என் கண் நின்றது. அது யார் வீடு என்று எனக்குத் தெரிந்துவிட்டது. எந்தக் கட்டம் காட்டிக்கொடுத்தது என்பதை இங்கே எழுதினால் நானும் வேலில் வேம்பு கட்டியவனாவேன். அந்த அம்மாள் மூன்று குழுக்களில் வாரக் கடன் வாங்கியிருந்தார். அவருடைய மகளுக்கு அப்போது வரன் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"பேரையெல்லாம் எடுத்துட்டோமே ஐயா" என்றான் மாணவன். அவன் கையில் கணினித்தாள். என் மனத்தில் நெடுநல்வாடை. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பேசினோம்.

இந்த இடத்தில் உலகம் முன்பே ஒருமுறை தடுக்கி விழுந்திருக்கிறது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், 1990களில், அரசு ஊழியர்களின் மருத்துவத் தரவுகளைப் பெயர் நீக்கி ஆய்வாளர்களுக்கு அளித்தார்கள். லட்டான்யா ஸ்வீனி என்ற மாணவி கேம்பிரிட்ஜ் நகர வாக்காளர் பட்டியலை 20 டாலருக்கு வாங்கி அதனோடு ஒப்பிட்டார். ஆளுநர் வில்லியம் வெல்டு பிறந்த அதே நாளில் பிறந்தவர்கள் அந்நகரில் 6 பேர். அவர்களில் ஆண்கள் 3 பேர். அவருடைய அஞ்சல் எண்ணில் வசித்தவர் அவர் ஒருவரே. ஆளுநரின் மருத்துவக் குறிப்பு வெளிப்பட்டுவிட்டது. அமெரிக்கரில் 87 விழுக்காட்டினரைப் பிறந்த நாள், பால், அஞ்சல் எண் ஆகிய மூன்றே கொண்டு தனித்துக் காட்டிவிடலாம் என்று 2000இல் ஸ்வீனி கணித்தார். நெட்பிளிக்ஸ் நிறுவனம் 2006இல் பெயரின்றி வெளியிட்ட திரைப்பட மதிப்பெண்களிலிருந்து ஆட்களை இனங்காண முடியும் என்று அரவிந்த் நாராயணனும் விட்டலி ஷ்மாட்டிகோவும் பின்னர் நிறுவினார்கள். ஒருவர் எந்தப் படத்துக்கு எந்த நாளில் எத்தனை மதிப்பெண் இட்டார் என்பதே அங்கே வேம்பாயிற்று.

கேம்பிரிட்ஜ் ஒரு நகரம். நம் ஊரில் வாக்காளர் பட்டியல்கூட வேண்டாம். தெருமுனைத் தேநீர்க்கடையில் அரைமணி நேரம் உட்கார்ந்தால் போதும். ஊர் சிறிதாகச் சிறிதாக ஒவ்வொரு கட்டமும் வேம்பாகிவிடுகிறது.

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று புட்டசாமி வழக்கில் உச்சநீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் 2017இல் ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள். அதன் பின் வந்த 2019ஆம் ஆண்டு மசோதாவில், அடையாளம் நீக்கிய தரவிலிருந்து அனுமதியின்றி ஆளை மீண்டும் இனங்காண்பது மூன்றாண்டு வரை சிறைக்குரிய குற்றமாக இருந்தது. 2023இல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அத்தகைய பிரிவு இல்லை. 250 கோடி ரூபாய் வரை அபராதம் உண்டு. ஆனால் இந்தக் குறிப்பிட்ட செயல் தனிக் குற்றமாகப் பெயர்சொல்லப்படவில்லை. ஆகவே தரவைத் திரட்டுபவரின் மனச்சான்றுக்குச் சுமை கூடுகிறது.

மாணவர்கள் பின்னிணைப்பை நீக்கினார்கள். தெருவை எடுத்துவிட்டு ஊர் முழுவதையும் ஒன்றாக்கினார்கள். வயதைப் பத்துப் பத்தாண்டாகப் பிரித்தார்கள். ஐந்து குடும்பங்களுக்குக் குறைந்த எந்தப் பிரிவையும் தனியே அச்சிடுவதில்லை என்று முடிவு செய்தார்கள். அப்போது வேறொரு சிக்கல் முளைத்தது. கணவனை இழந்து தறியை நடத்தும் பெண்கள் அட்டவணையிலிருந்தே மறைந்து போனார்கள். அதிகக் கடன் அவர்கள் தலையில்தான். அவர்களைக் காப்பாற்றுவதாக எண்ணி அவர்களுடைய துன்பத்தையே அழித்துவிடுவதா? மறைப்பது மட்டுமே அறம் என்றால் எளியவர்களின் கணக்கு எந்த அரசு அலுவலகத்துக்கும் போய்ச் சேராது.

விடை கணினியில் இல்லை. அந்தப் பெண்களிடமே திரும்பிப் போய், எதை எழுதலாம் என்று கேட்கச் சொன்னேன். சிலர் மறுத்தார்கள். ஒருவர் சொன்னதை மாணவன் அப்படியே குறித்துவந்தான்: "எத்தன பேரு இப்பிடி இருக்கோம்னு எழுது. எந்தத் தெருன்னு எழுதாத." அதன்படி, ஒப்பியவர்களின் நிலை மட்டும் ஒரு பத்தியாக, எண்ணிக்கையும் மொத்தக் கடனும் சொல்லி, இடம் சுட்டாமல் எழுதப்பட்டது.

எது அகம், எது புறம் என்ற எல்லையை அந்தப் பெண்மணி ஒரே மூச்சில் வகுத்துவிட்டார். எண்ணிக்கை ஊருக்கு உரியது. தெரு அவருக்கு உரியது. நம்மைப் பற்றிய கட்டங்களை நாள்தோறும் நிரப்புகிறவர்கள் அலுவலகங்களிலும் வங்கிகளிலும் கைப்பேசிச் செயலிகளுக்குப் பின்னாலும் இருக்கிறார்கள். அவர்களில் எத்தனை பேர் நம்மிடம் திரும்பி வந்து இப்படி ஒரு கேள்வி கேட்கிறார்கள்?