மூன்றாவது மணி நேரத்துப் பாராசூட்

பாராசூட் வாங்கப் போகும் புதுக் கிளைடர்காரர்கள் கேட்கும் முதல் கேள்வி, "கட்டாயம் விரியுமா?" என்பதுதான். தரச்சான்று பெற்ற பாராசூட் முறையாக மடித்துக் கட்டியிருந்தால் விரியும். அது தயாரித்தவர் பொறுப்பு, மடித்தவர் பொறுப்பு. வாங்குகிறவர் தன் பொறுப்பில் கேட்டுக்கொள்ள வேண்டியது வேறொன்று: இதை மாட்டிக்கொண்டு நாலைந்து மணி நேரம் உட்கார்ந்திருக்க முடியுமா?

நான் சேரன்மகாதேவிக்காரன். கிளைடர் பழகியது பிழைக்கப் போன ஜெர்மனியில். எங்கள் பக்கத்தில் கிளைடரைக் கண்ணால் பார்த்தவர்கள் குறைவு என்பதால் ஊர்க்கணக்கில் சொல்கிறேன். எஞ்சின் இல்லாத இந்த விமானத்தில் நல்லதாக ஒன்று, ஒரு மீட்டர் இறங்குவதற்குள் நாற்பது மீட்டர் முன்னே போகும். அம்பாசமுத்திரத்துக்கு மேலே 1000 மீட்டர் உயரத்தில் விட்டால், காற்று குறுக்கிடாத நாளில் தாமிரபரணியை ஒட்டியே வந்து பாளையங்கோட்டைப் பக்கம் இறங்கிவிடலாம். அதற்கு மேலும் பறக்க வேண்டுமானால், வெயிலில் சூடேறிய நிலத்திலிருந்து எழும் காற்றைத் தேடிப் பிடித்து, அதற்குள்ளேயே வட்டமடித்து மேலேற வேண்டும். கயத்தாறு கரிசலுக்கு மேலே உச்சிவெயிலில் பருந்துகள் செய்வது இதையேதான். ஆபத்தும் அங்கேதான் இருக்கிறது. நல்ல ஏற்றம் கிடைத்த இடத்தில் நாலைந்து கிளைடர்கள் ஒன்றாகச் சுற்றும். ஒன்றோடொன்று உரசினால் இறக்கை போய்விடும். பாராசூட் முதன்மையாக அதற்காகத்தான்.

பெரும்பாலானோர் பாராசூட்டுக்கு ஆயுளில் ஒருமுறைகூட விரியும் வேலை வராது. ஆனால் பறக்கும் ஒவ்வொரு நாளும் அது முதுகில் இருக்கும். அது உறுத்தினால் மனிதன் என்ன செய்வான்? முதலில் தொடைப்பட்டையைக் கொஞ்சம் தளர்த்துவான். பிறகு மார்புப்பட்டையை. மூன்றாவது மணி நேரத்தில் பாராசூட் பேருக்குத்தான் முதுகில் இருக்கும். அந்த நிலையில் குதித்தால், குடை விரியும் அதிர்ச்சியில் இந்தப் பட்டைகள் சேர்ந்த ஹார்னஸ் மேலே ஏறி உடம்பு கீழே நழுவும். தொடைப்பட்டை இடுக்கில் அறையும், மார்புப்பட்டை கழுத்துக்கு வரும். அதனால்தான் சொகுசு என்று பலர் ஒதுக்குவதை நான் பாதுகாப்புக் கணக்கில் எழுதுகிறேன்.

பாராசூட்டின் வரலாறும் கிட்டத்தட்ட இதையே சொல்கிறது. நம் நாட்டில் பார்சி லைட் ரயில்வேயை அமைத்த எவரார்ட் கால்த்ராப் என்ற ஆங்கில எஞ்சினியர்தான் பின்னாளில் 'கார்டியன் ஏஞ்சல்' பாராசூட்டை உருவாக்கினார். முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் விமானிகளுக்கு அது கிடைக்கவில்லை. கனமானது, இடத்தை அடைப்பது என்பது சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. 1919 ஏப்ரலில் அமெரிக்காவில் லெஸ்லி இர்வின், உடம்பிலேயே கட்டிய பையோடு குதித்து, காற்றில் தானே பிடியை இழுத்து விரித்துக் காட்டினார். மனிதனோடு சேர்ந்தே உட்காரும், சேர்ந்தே வெளியேறும் பாராசூட்டுக்கு அது வழிவிட்டது.

இனி தேர்வுக்கு வருவோம். முதல் விதி, கடையில் நின்றபடி தேர்வு செய்யாதீர்கள். நிற்கும்போது எல்லா பாராசூட்டும் நன்றாகத்தான் இருக்கும். எந்தக் கிளைடரில் பறக்கப் போகிறீர்களோ அதில் மாட்டிக்கொண்டு உட்காருங்கள். எஸ். ராமாமிர்தம் வடிவமைத்து 1961-ல் பறந்த நம் ரோகிணியில் இருவர் அருகருகே உட்காருவார்கள். இன்றைய போட்டிக் கிளைடரிலோ ஒருவர் ஏறக்குறைய படுத்தே பறக்கிறார். இரண்டுக்கும் ஒரே பை சரிவராது. பை தடிமனாக இருந்தால் உடம்பை முன்னே தள்ளும், தலை மேல்மூடியில் முட்டும், முழங்கால் மடங்கி நிற்கும். மெலிந்திருந்தால் உடம்பு பின்னே சரிந்து, பெடலுக்குக் காலும் நெம்புகோலுக்குக் கையும் எட்டாது.

அடுத்து, பையின் கீழ் விளிம்பு எங்கே முடிகிறது என்று விரலால் தடவிப் பாருங்கள். இடுப்பு உள்வாங்கும் இடத்தில் முடிந்தால் நல்லது. வால் எலும்புக்கு மேல் விளிம்பு உட்கார்ந்தால், முதல் அரைமணியில் தெரியாது. பிறகு அதைத் தவிர வேறெதுவும் தெரியாது. நீளமாக, தட்டையாக, இருக்கையின் வளைவுக்கு ஏற்ப வளையும் பை சாய்ந்த இருக்கைக்கு ஏற்றது. உறுத்துகிறது என்று அடியில் மெத்தென்ற ஸ்பாஞ்சு வைப்பவர்கள் உண்டு. அது ஆபத்து. மோதி இறங்கும்போது ஸ்பாஞ்சு நொடியில் நசுங்கி, அந்த வேகத்தோடு உடம்பு இருக்கையில் அடிக்கும், முதுகெலும்பு தாங்காது. மெதுவாக அமுங்கி அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும் ஃபோம் தனியாகக் கிடைக்கிறது. அழுத்திப் பார்த்தால் உடனே மீளாது.

பட்டைகளை நின்றுகொண்டு சரிசெய்ய வேண்டும். நிமிர்ந்தால் தொடைப்பட்டை லேசாக இழுக்க வேண்டும். தட்டையாக ஓர் உள்ளங்கை நுழையலாம், முஷ்டி நுழையக் கூடாது. உட்கார்ந்ததும் அது தானே இளகும். விடுப்பில் ஊருக்கு வந்தபோது, கிளைடர் சங்கத்தில் நான் பட்டை மாட்டி நிற்கும் புகைப்படத்தைப் பார்த்துவிட்டு மாமா கேட்டார்: "ஏல மருமவனே, சங்கத்துல எல்லாருக்கும் ஒரே பையா? பனையேறி அடுத்தவன் தளைநாரையா மாட்டிக்கிட்டு ஏறுவான்?" உடன்குடிப் பக்கம் பனங்காட்டில் வளர்ந்தவர் அவர். சங்கத்துப் பாராசூட் ஒவ்வொரு நாளும் ஓர் உடம்புக்கு அளவு மாறும். முந்தையவர் உயரத்துக்கு நீட்டிய பட்டையோடே அவசரத்தில் ஏறிவிடுவது எளிது. வசதி இருந்தால் சொந்தமாக ஒன்று வாங்குங்கள். இல்லையென்றால் ஒவ்வொரு முறையும் எல்லாப் பட்டையையும் முதலிலிருந்து சரிசெய்யுங்கள்.

பக்கிளிலும் ஒன்றைக் கவனியுங்கள். இருக்கைப் பட்டையின் பக்கிளும் பாராசூட்டின் பக்கிளும் தொடுவதற்கு ஒரே மாதிரி இருக்கக் கூடாது. ஆபத்தில் கண் பார்க்காது, கைதான் பார்க்கும். மேல்மூடியைத் தள்ளு, இருக்கைப் பட்டையைக் கழற்று, வெளியே உருள், பிடியை இழு: இந்த வரிசையில் பாராசூட்டைக் கழற்றுவது எங்குமே இல்லை. அதனால் தரையிறங்கிய பிறகும் காக்பிட்டுக்குள் அதைக் கழற்றாமல், முதுகில் சுமந்தபடியே வெளியே வருவது நல்ல பழக்கம். ஜெர்மன் சங்கங்களில் தானே விரியும் வகை அதிகம். பையின் நாடாவைக் காக்பிட்டிலுள்ள வளையத்தில் கோத்துவிட்டால், வெளியே விழுந்ததும் நாடா இழுத்து விரிக்கும். இறங்கும்போது அதை அவிழ்க்க மறந்தவர் பின்னால் வெள்ளைத் துணி ஓடுபாதை முழுக்க இழுபடும்.

பைக்குள் இருக்கும் குடை உங்கள் எடைக்குப் போதுமா என்று லேபிளில் பாருங்கள். நொடிக்கு 6 மீட்டர் வேகத்தில் தரை தொடுவது, ஆறடிச் சுவரிலிருந்து குதிப்பதற்குச் சமம். எடைக்குச் சிறிய குடை என்றால் சுவரின் உயரம் கூடிக்கொண்டே போகும். பாராசூட்டின் எடையையும் மறக்க வேண்டாம். 6 முதல் 8 கிலோ வரை இருக்கும். காக்பிட்டில் எழுதியிருக்கும் எடை வரம்பில் அதுவும் சேர்த்தி.

நம் வெயிலுக்கு ஒரு வார்த்தை. நைலானுக்கு வெயிலும் ஈரமும் ஆகாது. சித்திரை வெயிலில் முதுகு வேர்வையை முழுக்கப் பை குடிக்கும். பறந்து முடித்ததும் நிழலில் காற்றாட வையுங்கள். கார் டிக்கியில் போட்டுப் பூட்டாதீர்கள். அமெரிக்க விதிப்படி செயற்கை இழைப் பாராசூட்டை 180 நாளுக்கு ஒருமுறை பிரித்துச் சோதித்து மீண்டும் மடிக்க வேண்டும். புழுக்கமும் உப்புக்காற்றும் உள்ள ஊரில் இந்தக் கெடுவைத் தள்ளிப்போட எந்தச் சமாதானமும் செல்லாது.

வாங்குவதற்கு முன் ஒரு மதியம் ஒதுக்குங்கள். கிளைடரை நிழலில் நிறுத்தி, மேல்மூடியை மூடி, பட்டையெல்லாம் இறுக்கி, ஒரு மணி நேரமாவது உள்ளே உட்காருங்கள். பிறகு யாரையாவது "குதி" என்று கத்தச் சொல்லி வெளியேறிப் பாருங்கள். அதுவரை பட்டையைத் தளர்த்தத் தோன்றவில்லை, வெளியேறும்போது எங்கும் மாட்டவும் இல்லை என்றால் பணத்தைக் கொடுக்கலாம். நிறமும் கம்பெனிப் பெயரும் அதற்குப் பிறகு பார்த்துக்கொள்ள வேண்டியவை.